ஆயுத பூஜைப் பொரி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை எங்கள் அலுவலகத்தில் பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொட்டலம் வரும். பொரி, பொட்டுக்கடலை, இரண்டு துண்டு வெல்லம், மேலே ஒரு வாழைப்பழம். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொட்டலத்தைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் தள்ளிவிடுவேன். "பொரி வாடை எனக்கு ஆகாது" என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். கருவாட்டுக்கு வாடை உண்டு, முட்டைக்கு உண்டு, பொரிக்கு ஏது வாடை என்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பொரியைக் கொறித்தால் போதும், உப்புச் சேறும் மீன் ரத்தமும் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன்.

அப்பா பிறந்து வளர்ந்தது திருக்கழுக்குன்றத்தில், பெரிய குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த குடும்பம். வீட்டில் வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் நறுக்குவார்கள். பிறகு நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தாலும், மாதத்துக்கு ஒரு தடவையாவது அப்பா என்னை பஸ்ஸில் அந்தக் குளத்துக்கு அழைத்துப் போவார். கரையில் பொரி வாங்கி, படியில் குந்தி, என் கவுனின் இடுப்புப் பட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "எறியக் கூடாது பாப்பா. கையை விரிச்சு, யாருக்கோ சாப்பாடு வைக்கிற மாதிரி வைக்கணும்" என்பார். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து வாயை வட்டமாகத் திறக்கும். செங்கல்பட்டு மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது அதே அப்பா தன் துண்டால் என் மூக்கைப் பொத்திவிடுவார். அந்தக் கூடைகளில் கிடப்பதும் குளத்தில் வாய் திறப்பதும் ஒரே சாதிதான் என்று ஆறு வயதுவரை எனக்குத் தெரியாது. மீன் என்றால் நாம் பொரி வைக்க வேண்டும், அது வந்து தின்ன வேண்டும். என் கணக்கில் அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம் அது. அப்பா செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அந்த வருஷம் மாற்றல் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. போட்டால் ராமநாதபுரம் பக்கம்தான் போடுவார்கள். அம்மாவுக்கு இளைப்பு. மழை இறங்கிவிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பாள். கைராசியான டாக்டர் ஒருவர் எங்கள் தெருமுனையிலேயே இருந்தார். அவரை விட்டு இவளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அப்பா பல் தேய்க்கும்போதுகூடப் புலம்பிக்கொண்டிருந்தார். பட்டியலில் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. அந்தக் கோட்டைப் போட வேண்டியவர் ஆபீசர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது, ஆபீசர்தான். அவருக்குச் சிங்கப்பூரிலிருந்து மச்சினன் ஒரு தூண்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ரீல் வைத்தது. அதை வாங்கியதிலிருந்து மனுஷன் கை அரித்துக்கொண்டே இருந்தது.

பூஜை விடுமுறைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "புதுப்பட்டினம் பக்கம் போறோம்யா, கூட வா. உன் பொண்ணு சும்மாதானே இருக்கும், அதையும் கூட்டிட்டு வா" என்று உத்தரவு வந்தது. தனியாகப் போனால் எடுபிடி என்று ஊர் சொல்லும், குழந்தையோடு போனால் சுற்றுலா என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குத்தான் அப்பா என்னையும் அழைத்துப் போனார் என்று இப்போது புரிகிறது. அப்பா என்னிடம், "மீன் பாக்கப் போறோம், வர்றியா?" என்றார். மீன் பார்க்க வெறுங்கையோடு யாராவது போவார்களா? அப்பாவின் அலுவலகத்தில் கொடுத்த ஆயுத பூஜைப் பொரி அலமாரியில் அப்படியே இருந்தது. நானே ஸ்டூல் போட்டு ஏறி, பாக்கெட்டை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆபீஸ் ஜீப்பை ஆபீசரே ஓட்டினார். திருக்கழுக்குன்றம் வந்து, குளத்தையும் தாண்டி ஜீப் போய்விட்டது. "அப்பா, குளம்!" என்றேன். அவர் என் தொடையை லேசாக அழுத்தினார். புதுப்பட்டினத்துக்கு வெளியே, கால்வாய்த் தண்ணீர் கடலைப் பார்க்கத் திரும்பும் இடத்தில் இறங்கினோம். அங்கே ஒரு மீனவர் முழங்கால் அளவு சேற்றில் நின்று புழு தோண்டிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்த பெயின்ட் டப்பாவை வாங்கி ஆபீசர் அப்பாவின் கையில் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். சிவப்பாக, இரண்டு பக்கமும் பொடிப்பொடிக் கால்களோடு, ஒன்றுக்குள் ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நெளிந்தன. ஆபீசர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதெல்லாம் எனக்குக் கண்றாவியா இருக்கும்யா, நீயே கோத்துக் குடுத்துடு" என்றார். மீன் பிடிக்கிற ஆசை அவருக்கு, புழு பிடிக்கிற கை அப்பாவுக்கு.

கத்தரிக்காயில் புழு இருந்தால் அந்தக் காயையே தூர எறியச் சொல்கிறவர் அப்பா. அன்று டப்பாவுக்குள் விரலை விட்டார். ஒன்றை இழுத்து, தலை எது வால் எது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளை ஏற்றியபோது அது பிதுங்கி, மஞ்சளாக என்னவோ அவர் கட்டைவிரலில் வழிந்தது. அவருக்குக் குமட்டியது எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு சிரித்தாரே, அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை. நான் அதுவரை பார்த்திராத, பல் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. ஆபீசர் தும்மினாலும் அதே சிரிப்பைச் சிரித்தார். காலையில் நெற்றிக்குத் திருநீறு பூசிய அதே மூன்று விரல்களைக் கால்சட்டையில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் சிக்கவில்லை. ஆபீசருக்குக் கடுகடுப்பு ஏறிற்று. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மீனே வரவில்லையே என்று நான் பையிலிருந்து பொரியை எடுத்து, தண்ணீர் ஓரம் குந்தி, கையை விரித்து, அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் சிற்றலை எழுந்தது. பிறகு ஒரு வாய், நாலு வாய், ஒரு கூட்டம். குளத்தில் வருகிற மாதிரியேதான் வந்தன. சேற்றில் நின்றவர் கத்தினார்: "சார், இங்க பாரு! பாப்பா பொரி போட்ச்சி, மடவ மேல வந்துகினு கீது. வுடு சார் தூண்டில!" ஆபீசர் ஓடி வந்து அந்தப் பொரிக்கு நடுவில் தூண்டிலைப் போட்டார். முதல் மடவை மீன் வந்தது. உதடு கிழிந்து, ஒட்டிய பொரி ஒன்றோடு, மணலில் விழுந்து துள்ளியது.

நான் அப்பாவைத்தான் பார்த்தேன். ஏதோ தப்பு நடந்துவிட்டது, இப்போது அப்பா ஆபீசரைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா என் பக்கம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடு பாப்பா" என்றார். குரல் கெஞ்சியது. போட்டேன். இரண்டாவது வந்தது. ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. "யோவ், உன்னவிட உன் பொண்ணு கெட்டிக்காரிய்யா! இது கையிலயும் குடுத்துப் பாப்போம்" என்று தூண்டிலை என் கையில் திணித்து, பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். அவர் சட்டையில் வேர்வையும் சென்ட்டும் கலந்து வீசியது. கம்பு நடுங்கியது. தண்ணீருக்கு அடியில் என்னவோ ஒன்று உயிருக்கு இழுத்த இழுப்பு என் உள்ளங்கைவரை ஏறியது. அப்படித்தான் நான் முதன்முதலாக மீன் பிடித்தேன். அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் அழுதேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன். என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பொரி தீர்ந்தபோது வாளியில் பதினோரு மடவைகள் இருந்தன. தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆபீசர் இளநீர் குடித்து, நிழலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது வெயிலில் வாளி நாற ஆரம்பித்திருந்தது. ஈ மொய்த்தது. மீன்களின் கண்கள் வெள்ளை பூத்துவிட்டன. வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கட்டுமா என்று அப்பா கேட்டார். "புரட்டாசி ஆச்சேய்யா! வீட்டுல மீன் ஏறாது. சும்மா ஒரு ஜாலிக்குத்தானே வந்தோம்" என்றார் ஆபீசர். பெருமாளுக்குப் பயந்து தின்னாமல் இருப்பாராம், பிடித்துச் சாகடிக்கப் பயமில்லையாம். புழு தோண்டியவர் வாளிக்குள் கைவிட்டு ஒன்றை அழுத்திப் பார்த்தார். "இத்த மின்னாடியே சொல்லியிருந்தா தண்ணிலியே வுட்டிருக்கலாமே சார். இப்ப நொந்து பூட்ச்சி, கருவாட்டுக்குக்கூட ஆவாது" என்று கையை உதறிவிட்டுப் போனார். வழியில் ஒரு வேலிக்காத்தான் புதர் பக்கம் ஜீப் நின்றது. அப்பா இறங்கி வாளியைக் கவிழ்த்தார். ஜீப்பிலிருந்து பார்த்தேன். எல்லா வாய்களும் இன்னும் வட்டமாகத்தான் திறந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "கடல் பாத்துட்டு வந்தோம்" என்றார். கிணற்றடியில் வெகுநேரம் குளித்தார். திருநீறு பூசி விளக்கேற்றினார். பிறகு வழக்கம்போல் தயிர்சோறு பிசைந்து, ஓர் உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் வைக்க வந்தார். அவர் கட்டைவிரல் நகத்துக்கடியில் சிவப்பாக ஒரு கோடு. கையை இழுத்துக்கொண்டு, தூக்கம் வருகிறது என்றேன். மறுநாளும் ஏதோ சொன்னேன். அதற்குப் பிறகு அப்பா பிசைந்த சோற்றை நான் சாப்பிட்டதே இல்லை. அவர் காரணம் கேட்கவில்லை. சில வாரம் கழித்துப் பிசையும் வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டார். பட்டியல் வந்தது, அவர் பெயர் இல்லை. அம்மா கேசரி கிளறினாள். அதை மட்டும் வழித்துத் தின்றேன். அம்மா தெருமுனை டாக்டரிடமே பிழைத்துக் கிடந்தாள், அப்பா செங்கல்பட்டிலேயே ஓய்வு பெற்றார், நான் அவரை உள்ளுக்குள் அருவருத்துக்கொண்டே வளர்ந்தேன். யாராவது உங்கள் அப்பா எவ்வளவு சாது என்றால் எனக்கு எரிச்சலாக வரும்.

பதினெட்டு, பத்தொன்பது வருஷம் கழித்து, என் மகளுக்கு மூன்று வயதானபோது, அப்பா எங்களைத் திருக்கழுக்குன்றம் அழைத்துப் போனார். அதே குளம், அதே படி. பாக்கெட் மட்டும் இப்போது சீல் வைத்து வருகிறது. மகள் கவுனின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "எறியக் கூடாது கண்ணு, வைக்கணும்" என்றார். எனக்கு எந்த வாயால் இதைச் சொல்கிறார் என்று தோன்றியது. மீன்கள் ஏறி வந்தன, மகள் கலகலவென்று சிரித்தாள். அப்பா மீனைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ ஒரு சொட்டு அழுதிருந்தா, கொழந்தை பயப்படுது சார்னு சொல்லி உன்னைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். அவரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. உன் மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டிருந்த."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியவே தெரியாது. பொய் என்று சொல்ல வாய் எடுத்தேன், ஆனால் பொய் இல்லை. சிரித்தேன்தான். தூண்டில் கம்பு துடித்தபோது, கெட்டிக்காரி என்று ஆபீசர் சொன்னபோது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் பிடி தெரியாமல் போட்டது. இரண்டாவது அப்பா சொல்லிப் போட்டது. பிறகு பாக்கெட் காலியாகும்வரை யாரும் சொல்லாமல் நானே போட்டேன், என்ன நடக்கும் என்று தெரிந்தே போட்டேன். ஆனால் வளர்ந்த ஒரு மனுஷன் எழுந்து நடப்பதற்குக் குழந்தையின் அழுகைக்குக் காத்திருந்தான் என்பதை நினைத்தபோது என் சிரிப்பைவிட அதுதான் அதிக அருவருப்பாக இருந்தது.

"எனக்கு ஆறு வயசுப்பா" என்றேன்.

"ஆமாம்" என்றார். "எனக்கு நாப்பத்தொண்ணு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மகள் பாக்கெட்டில் கைவிட்டு அள்ளிய பொரியில் பாதியை என் உள்ளங்கையில் கொட்டி, "நீயும் போடும்மா" என்றாள். கையை மூடிக்கொண்டேன். போடவும் இல்லை, தின்னவும் இல்லை. பஸ் ஏறி, செங்கல்பட்டு வந்து, அப்பா வீட்டுக்குள் நுழைந்து கையைத் திறந்தபோது எல்லாம் வேர்வையில் நமுத்துப் போயிருந்தன. அவற்றைத் தட்டில் கொட்டி மூக்குக்கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரி சொல்வது சரிதான், பொரிக்கு வாடை கிடையாது. பிறகு என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கே அப்பா ஏற்கெனவே கை கழுவிக்கொண்டிருந்தார்.