பாளையங்கோட்டையில் என் கண்ணை அளந்தார்கள்

அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் முன்னதாகவே கல்லிடைக்குறிச்சி போய்விட்டேன். என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நான் பொட்டு வைப்பதில்லை. வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. ஆனால் யாரிடம் பேசினாலும் அவர்கள் கண் என் நெற்றிக்குத்தான் போகிறது என்று எனக்கு ஓர் எரிச்சல். அதிலும் அண்ணன் மனைவி, என் மதினி. கல்யாணத்துக்குப் பொட்டோடு போவதா வேண்டாமா என்று மண்டை காய்ந்தது. அப்போதுதான், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில், முகங்களைப் பார்க்கும்போது நம் கண் எங்கே போகிறது என்று அளப்பதாகவும், அதற்கு ஆள் தேடுவதாகவும் கேள்விப்பட்டேன். போனால் ஒரு தீர்ப்பு கிடைக்குமே. என் புத்தியைப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ரயில். டிக்கெட் பத்து ரூபாய், ஐம்பது நிமிடத்தில் ஜங்ஷன். அங்கிருந்து பாளைக்கு ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். இலவசம் என்ற அவசரத்தில் பஸ் மாறி ஏறி, கடைசியில் எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன். கல்லூரியில் கண்ணை அளக்கிறார்கள், அதற்குப் போகிறேன் என்றேன்.

“கண்ணு தெரியலன்னா ஆஸ்பத்திரிக்குல்லா போவணும்? காலேசுக்கு எதுக்குக்கா போறீய?” என்றார் ஓட்டுநர்.

ஆய்வு செய்யும் மாணவி பெயர் இசக்கி. நான் உள்ளே நுழைந்ததுமே, “யக்கா, மை போட்டிருக்கீயளா? மை இருந்தா மெசினு கருவிழியத் தப்பாப் பிடிச்சிரும். தொடச்சிருங்க” என்றாள். துடைத்தேன். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, அசையாமல் திரையைப் பார்க்கச் சொன்னாள். வரிசையாக முகங்கள் வந்தன. பொட்டு, திருநீறு, தோடு எதுவும் இல்லாத வெறும் முகங்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது.

பிறகு நான் பார்த்த இடங்களைச் சிவப்பாகக் காட்டினாள். ஆண்களின் முகத்தில் சிவப்பு கண்ணில் இருந்தது. பெண்களின் முகத்தில் புருவ நடுவில்.

“நீங்க நெத்தியத்தான் பாக்குதீய” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “எல்லாரும் இப்படித்தானா?”

“ஆய்வு முடியாம நான் சொல்லக் கூடாதுக்கா.”

“சரி, நான் வந்ததும் நீ என் முகத்துல எங்க பார்த்தே? அதையாவது சொல்லு.”

“கண்ணுல மையத்தான். நெத்திய நான் கவனிக்கவே இல்லயே.”

இதை நம்புவதா? நம்பினால், ஒரு வருடமாக நான் பட்ட எரிச்சல் எல்லாம் யார் மேல்? திரும்பும் ரயிலில் எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் சேரன்மகாதேவியில் இறங்கிப் போன பிறகு யோசித்தால், அரக்குப் பொட்டு நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

நீங்களும் போவதாக இருந்தால், மை போடாதீர்கள், பஸ்ஸில் ஏறுமுன் கேட்டு ஏறுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். தீர்ப்பு எதையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் போனபோது இருந்ததைவிடக் குழப்பம் கூடித்தான் போனது.

கல்யாணத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன், சின்னதாக. மண்டப வாசலில் மதினி என் கையைப் பிடித்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். எங்கே பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.