முள் காட்டாத சூடு

எங்கள் கார் இருபது வருடப் பழசு. ஸ்கந்தபுரத்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் இஞ்சின் நடுங்கியது, இழுவை குறைந்தது, காலடித் தகடும் சுட்டது. நான் எதற்கும் பயப்படுகிறவன். மூன்று தடவை நிறுத்தி ரேடியேற்றரைப் பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை, சூடு காட்டும் முள்ளும் ஏறவில்லை.

"இஞ்சேரப்பா, முள்ளு ஏறினாலும் பயம், ஏறாட்டியும் பயமோ?" என்று மனைவி சிரித்தாள்.

அக்காவின் வளவில் வைக்கோல் பரவிக் கிடந்த இடத்தில் காரை நிறுத்தினேன். பின் இருக்கையில் நித்திரையாயிருந்த மகளை எழுப்ப மனமில்லாமல், கதவுகளைத் திறந்துவிட்டு இறங்கினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, காருக்குக் கீழ புகையுதடா! பிள்ளையைத் தூக்கு!" என்று அக்கா கத்தினார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தான் தண்ணீர் ஊற்றி வைக்கோலை அணைத்தார்.

கிளிநொச்சியிலிருந்து வந்த மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றினார். ஒன்று பெற்றோலில் நனைந்திருந்தது.

"இந்தப் பிளக்கில பொறி வரேல்லை அண்ணை. எரியாத பெற்றோல் காருக்குக் கீழ, புகைக்குழாயில இருக்கிற, புகையைச் சுத்தமாக்கிற கன்வேட்டருக்குள்ள போய் எரிஞ்சிருக்கு. அந்தச் சூட்டிலதான் வைக்கோல் பத்தினது. அது சிவக்கச் சுட்டாலும் உங்கட முள்ளு காட்டாது, அது இஞ்சின் தண்ணியின்ர சூட்டை மட்டும்தான் காட்டும்."

இப்போது இஞ்சின் நடுங்கினால் உடனேயே நிறுத்திவிடுகிறேன். அதுவும் வெறுந்தரை பார்த்துத்தான். மகள் எவ்வளவு நித்திரையென்றாலும் எழுப்பி இறக்குகிறேன். அழுதால் அழட்டும்.