அவ்ளோ தூரமாக்கா?

ராஜகீழ்ப்பாக்கத்தில் தோழி குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் இன்று வெந்தயமும் ரம்பையிலையும் கலந்த நோன்புக் கஞ்சி வாசனை வந்ததும், முன்பு அதே இடத்தில் நின்ற தகரக் கொட்டகைக்குள் நினைவில் போய்விட்டேன். நோன்பு மாதம் முழுக்க அங்கே அரிசியும் பேரீச்சம்பழமும் எண்ணெயும் பைகளில் ஏறிக்கொண்டே இருக்கும். கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், கஞ்சி ஊற்றும் சபுரா அக்கா ஒரு பையைத் திணித்து, எந்த வீட்டில் சேர்க்க வேண்டும் என்பதைக் காதில் மட்டும் சொல்வார். அதனால் எந்தப் பை தூக்கிப் போகும் பிள்ளையின் வீட்டுக்கு, எது அடுத்தவர் வீட்டுக்கு என்று தெருவுக்குத் தெரியவே தெரியாது.

திருமுடிவாக்கத்தில் அத்தா வேலை பார்த்த பட்டறை மூடிய வருடம் எங்கள் வீட்டில் அரிசி டப்பா காலி. அது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை. நானோ வரிசையில் நின்று கத்தினேன்: "யாரு வூட்டுக்குக்கா?"

"ஏய் ஸ்பீக்கரு, மெதுவா!" என்று சிரித்த அக்கா, காதோரம் குனிந்தார். "உங்க வூட்டுக்குத்தான்டி."

வரிசை மொத்தமும் என்னையே பார்த்தது. பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அவ்ளோ தூரமாக்கா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சலித்துக்கொண்டே நடந்தேன்.