கிராணி சொன்ன ஆஸ்திரேலியா

சபாபதி தம் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி. மாதம் நாற்பது வெள்ளி பராமரிப்புப் பணம், மூன்று வருஷம் பத்து மாதத்துக்கு. கையில் இல்லாமல் விட்ட பாக்கி இல்லை. பணம் அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அதைப்போல நாலு மடங்கும் கிடந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் பதினாலு வயதில் லோரிக் கெலிண்டானாக ஏறியவர் அவர். கெலிண்டான் என்றால் டிரைவருக்கு எடுபிடி. மூட்டை ஏற்றுவதும் தார்ப்பாய் கட்டுவதும் அவன் வேலை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு படிப்பு சரி. அங்கிருந்து மூன்று லோரிக்குச் சொந்தக்காரர் ஆனார். அவர் கட்டிய கயிறு வழியில் அவிழ்ந்தது என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. எவன் தயவும் இல்லாமல் மகள் புனிதாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒன்பதாம் மாடியில் ரொக்கம் எண்ணிக் கொடுத்து வீடு வாங்கினார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு மாதம் பணம் கட்ட மறந்ததற்கு, கீழே அறிவிப்புப் பலகையில் அவர் பெயரை இங்கிலீஷில் அடித்து, முதல் பெயராக ஒட்டிவிட்டார்கள். ஒட்டியவர் குழுவின் பொருளாளர், பக்கத்து வீட்டுச் சண்முகரத்தினம். அன்றோடு சபாபதி கட்டுவதை நிறுத்தினார்.

ஐந்து மாதத்துக்கு முன் லிஃப்ட் நின்றது. பழுது பார்க்க வந்தவன் முன்பணம் கேட்டான். இருபத்து மூன்று வீடு பாக்கி வைத்திருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

"மொதல்ல லோரிக்காரர் கட்டட்டும், அப்புறம் நாங்க கட்டறோம்."

லோரிக்காரர் கட்டவில்லை.

அடுத்த மாதமே சர்க்கரை அவருடைய இடது காலில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஒன்பது மாடியும் தூக்கினார்கள். ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது ஒருவன் சிரித்தான்.

"அரிசி மூட்டையே தேவலாம்லா, இந்த அங்கிள் என்னா கனம்."

மூட்டை தூக்கி ஆளானவர் அந்த ஒரு வார்த்தையில் தாமே மூட்டையானார். இனி அந்த நாற்காலியில் ஏறுவதில்லை என்று இருந்துவிட்டார். வாரம் ஒருமுறை நர்ஸ் ஒருத்தி இரைக்க இரைக்க ஏறி வந்து கட்டு மாற்றினாள். சாப்பாடு கயிற்றில் வந்தது. பழைய தார்ப்பாய்க் கயிற்றில் வாளியைக் கட்டி நடைவழிச் சுவருக்கு வெளியே இறக்குவார். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் பொட்டலத்தை வைத்து ஒரு இழு இழுத்துக் காட்டுவார். மோனோரயில் போகும். பூக்கடை ரேடியோ பாடும். எல்லாம் ஒன்பது மாடிக்குக் கீழே. சுவருக்கும் சுவருக்கும் அவர் எண்ணி வைத்திருந்தது முப்பத்தொரு அடி.

பெர்த்தில் வேலை பார்க்கும் புனிதா ஒருநாள் போனில் சொன்னாள்: "சும்மா செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்கப்பா. டிவியில படம் வர்ற மாதிரி பணம் கட்டியிருக்கேன். நான் இருக்கற நாடு எப்டி இருக்குன்னு பாருங்க."

அவள் சொன்ன பொத்தானை அழுத்தினார். ஆஸ்திரேலியத் தொடர் ஒன்று வந்தது. காய்ந்த செம்மண் ஊர், ஒரே ஒரு போலீஸ்காரர். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. அணைக்கப் போன நேரத்தில் ஒரு லோரி வந்தது. ஒரு தலைக்குப் பின்னால் மூன்று டிரெய்லர், ரயில் மாதிரி. சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தை நிறுத்தி நிறுத்திச் சக்கரத்தை எண்ணினார். முன்னால் டோல் இல்லை, சிக்னல் இல்லை, வளைவு இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ரோடு. அதை ஏழு தடவை பார்த்தார்.

வழக்கம்போல் பாக்கி கேட்க வந்த சண்முகரத்தினம் இரும்புக் கிராதிக்கு வெளியே நின்று டிவியையே பார்த்தார். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, அவரும் மூன்று மாதமாகக் கீழே இறங்கவில்லை. பொதுப்பணி இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தா. தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். சபாபதிக்கு அவர் கிராணிதான்.

"இது ஆஸ்திரேலியாவெல்லோ?"

"ஆமா கிராணி. லோரி வெளங்குது, ஆளுங்க பேசறதுதான் வெளங்கல."

"வேணுமெண்டால் நான் சொல்லுறன்."

அப்படித்தான் தினமும் மூன்று மணிக்கு உட்கார ஆரம்பித்தார்கள். கிராணி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேசுகிறவர் வாயையே பார்த்துக் கதை சொல்வார். ஆஸ்திரேலியா அலுத்தால் இங்கிலாந்து. அங்கே ஒரு சின்ன ஊரில் வாரத்துக்கு ஒரு கொலை விழும், இன்ஸ்பெக்டர் அவசரமே இல்லாமல் தேநீர் குடிப்பார். விமான நிலையத்தில் பயணிகள் பெட்டியைச் சோதிக்கும் ஆஸ்திரேலிய நிகழ்ச்சிக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுங்கத்தோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவருக்கு யார் சொல்ல வேண்டும்?

"அந்தப் பச்சப் பைய பாருங்க கிராணி. அதுலதான் கருவாடு."

கருவாடேதான் இருந்தது.

ஆனால் கிராணி சொன்ன கதைகளில் எல்லாருக்கும் நிலத்துச் சண்டை, இல்லையென்றால் பென்ஷன் சண்டை. பெட்ரோல் நிலையத்துப் பெண் போலீஸ்காரரின் தங்கை. அப்பா சொத்தால் பேச்சுவார்த்தை இல்லை. கிழட்டுப் பண்ணைக்காரருக்குப் பென்ஷன் நின்றுவிட்டது, அந்தக் கவலை.

"இந்த வெள்ளைக்காரனுங்களுக்குச் சொத்துத் தகராற விட்டா வேற வேலையே இல்லையா?" என்பார் சபாபதி.

"மனுசர் எங்கயும் ஒண்டுதான்" என்பார் கிராணி. எழும்போது தவறாமல் கேட்பார்: "அந்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பது?"

"நாளைக்குக் கதை முடியட்டும், பாப்போம்."

ஒரு காலையில் ரிமோட்டில் கை தவறி எதையோ அழுத்த, டிவியின் அடியில் மலாய் எழுத்து ஓடியது. சுங்கத்திலும் பெர்மிட் ஃபாரத்திலும் படித்த மலாய் அவருடையது. பள்ளிக்கூடம் போனவன்கூட அவ்வளவு வேகமாகப் படிக்க மாட்டான். பேசுவது அத்தனையும் அங்கே எழுத்தில் இருந்தது. பார்த்து முடித்த நாலு பாகத்தையும் திரும்பப் போட்டார். நிலமும் இல்லை, பென்ஷனும் இல்லை. பெட்ரோல் நிலையத்துப் பெண் அந்தப் போலீஸ்காரரை விட்டுப் பிரிந்த மனைவி. பண்ணைக்காரர் மகன் செய்த கொலையை மறைத்துக்கொண்டிருந்தார். நாலு பாகமும் கிராணி சொந்தமாகக் கட்டிய கதை.

சபாபதி தனியாகச் சிரித்தார். பெயரை இங்கிலீஷில் அடித்து ஒட்டிய ஆளுக்கு இங்கிலீஷே விளங்கவில்லை. சமயம் வரட்டும் என்று எழுத்தை அணைத்து வைத்தார்.

நாலு நாளில் சமயம் வந்தது. அன்று கிராணி ஒரு கடிதத்தோடு வந்தார்.

"லிஃப்ட்காரன் இந்த மாதக் கடைசி மட்டும்தான் பழைய விலைக்குச் செய்வானாம். நீங்கள் கட்டினால் மற்றாக்களும் கட்டுவினம், சபாபதி."

"எம் பேர மொதல்ல போட்டு ஒட்டினீங்களே, அப்ப தெரியலையா?"

"அது சட்டப்படி ஒட்ட வேணும்."

"சட்டமா? உக்காருங்க, கதையப் பாப்போம்."

பெட்ரோல் நிலையத்துப் பெண் அழும் இடத்தைப் போட்டு மலாய் எழுத்தைத் தட்டிவிட்டார். பதினோரு வருஷம் உனக்குப் பெண்டாட்டியாக இருந்தேன் என்று எழுத்து ஓடியது. சர்க்கார் பென்ஷன் வாங்கும் கிராணிக்கு மலாய் படிக்கத் தெரியும்.

"தங்கச்சின்னீங்க. கட்டுனவளாம்லா. முப்பத்து நாலு வருஷம் ஆபீஸ்ல என்னா இங்கிலீஷ் எழுதுனீங்க கிராணி?"

கிராணி அடுத்த வரியையும் படித்தார், அதற்கடுத்ததையும் படித்தார்.

"இங்கிலீஷ் தெரியும். காதுதான் கேக்கேல்லை" என்றார். "ரெண்டு வருசமாச்சு. காது டாக்டரிட்ட மூண்டு தரம் தேதி எடுத்தும் ஒண்டுக்கும் இறங்கிப் போக முடியேல்லை. உங்கட குரல் மட்டும்தான் எனக்குத் தெளிவாக் கேக்குது. லோரி எஞ்சினுக்கு மேல கத்திப் பழகின குரலெல்லோ. அதுதான் வந்து இருந்தன்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போய்விட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சபாபதி கடைசிப் பாகத்தைத் தனியாகப் பார்த்தார். பண்ணைக்காரர் மகனை எப்படிப் பிடித்தார்கள், கிழவர் எப்படி இடிந்து உட்கார்ந்தார் என்று எல்லாம் எழுத்தில் சரியாக ஓடியது. ஆனால் சொல்ல ஆள் இல்லை. மூன்று டிரெய்லர் லோரி மறுபடியும் போனது, அவர் நிறுத்தவில்லை. டிவியை அணைத்தபோது வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. நடைவழிக்கு வந்து முப்பத்தொரு அடியையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் நடைக்கம்பியை ஊன்றி இரண்டு தடவை நடந்தார். கிராணி வீட்டு ஜன்னலில் திரை போட்டிருந்தது. தாம் மட்டுமே அடைபட்டுக் கிடப்பதாக இத்தனை மாதம் நினைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆளையும் சேர்த்தல்லவா அடைத்து வைத்திருக்கிறோம் என்பது இரண்டாவது நடையில்தான் மண்டைக்குள் இறங்கியது.

உள்ளே போய் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

கிராணி வீட்டுக் கிராதியைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடியும் தட்டினார். பிறகுதான் உறைத்து, துறைமுகத்தில் கூப்பிடுவதுபோல் குரல் எடுத்தார்.

"கிராணி."

அந்த மாடியில் நாலு கதவு திறந்தது. ஐந்தாவதாகக் கிராணியின் கதவு திறந்தது. பனியனோடு நின்றார்.

"கைய நீட்டுங்க."

"என்ன?"

"கைய நீட்டுங்க. சத்தமா எண்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. அப்புறம் கொறையுதுன்னு பலகையில ஒட்டக் கூடாது."

"ரசீதுப் புத்தகம் உள்ளுக்கு இருக்கு, எடுத்துக்கொண்டு..."

"ரசீது கெடக்கட்டும். லிஃப்ட்காரனுக்கு இன்னிக்கே போன் போடுங்க. அவன் பேசறது கேக்கலன்னா எங்கிட்ட குடுங்க, நான் பேசறேன்."

கிராணி கிராதி வழியாகக் கையை நீட்டினார். எதிர் வீட்டுப் பெண் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்து நின்றாள். சபாபதி நடைக்கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, எச்சில் தொட்டு, ஒவ்வொரு ஐம்பது வெள்ளித் தாளாக அந்தக் கையில் வைத்தார். ஐம்பது, நூறு, நூத்தம்பது என்று அவர் குரல் படிக்கட்டில் இறங்கிப் போயிற்று. முப்பத்தாறாவது தாளில் ஆயிரத்து எண்ணூறு வந்தது. பிறகு பத்து வெள்ளித் தாள்களை எடுத்தார்.

"பத்து. இருவது. முப்பது," என்றார். கடைசித் தாளை வைத்தபோதும் கிராணி கையை மூடவில்லை, அந்தக் குரலையே கேட்டு நின்றார். "நாப்பது."