சுவரை ஒட்டி வைத்த பெட்டி

பக்கத்து வீட்டு முக்தார் அகா மூடிய பாத்திரத்தோடு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"முனிஸாஜான், ஒண்ணு கேக்கணும். வாய் வரமாட்டேங்குது."

"கேளுங்க அகா."

"மாசக் கடைசியில சின்னவன் கல்யாணம். ராத்திரி விருந்து மண்டபத்துல. அது எங்கேயோ தூரம். மறுநாள் காலையில புதுப்பொண்ணு எல்லாரையும் வணங்குறது இங்க, நம்ம முற்றத்துல. பாட்டு வைக்கலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

எங்கள் தெருவில் இது வழக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்து ஆண்டு திரும்பும்வரை, சுவர் பகிர்ந்த வீட்டில் மேளம் ஒலிக்க அந்த வீட்டின் சொல் வேண்டும். நான் வேண்டாம் என்றால் முக்தார் அகா மறுபேச்சு பேச மாட்டார். அவர் மருமகள் சத்தமில்லாத முற்றத்தில் முகத்திரையோடு நின்று குனிந்து குனிந்து எழுவாள். "எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்தா" என்று ஆயுளுக்கும் அவளைச் சொல்வார்கள். அவர் இதில் எதையும் சொல்லவில்லை. பாத்திரத்தை மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"வாசிக்க யாரைச் சொல்லியிருக்கீங்க?"

"வேற யாரு? உங்கப்பா குழுதான். இலையுதிர் காலத்துலயே பேசி முடிச்சாச்சு. அப்ப அவரும்தான இருந்தாரு."

"வியாழக்கிழமை சொல்றேன்."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட சம்சா, சூடாக. அன்று நான் சாப்பிடவில்லை.

துக்கத்தால் தயங்குகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். துக்கம்தான். ஆனால் நான் பயந்தது சுவருக்கு.

சுரங்க ரயில் பாதைகளில் அதிர்வை அளப்பது என் வேலை. எங்கள் சுவர் மிதித்த மண்ணால் ஆனது. ஒரு முழத்துக்கும் மேல் தடிமன். பாட்டுக்காரியின் சொல், அக்கார்டியன், சலங்கை எல்லாம் அதில் மோதி நின்றுவிடும். கீழ்ச்சுருதி நிற்காது. பக்கத்து முற்றத்தில் ஐந்து பேர் வாசித்தால் எங்கள் பக்கம் வந்து சேர்வது ஒருவர்தான், பாஸ் வாசிப்பவர். நான் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவின் கல்யாணங்களில் அந்த ஒருவர் என் அப்பா.

ஹிக்மத் என்று பெயர். தாஷ்கந்து இசைப்பள்ளியில் எக்காளம் கற்கப் போனவர். கால்பந்தாட்டத்தில் முன்பல் இரண்டும் போயின. எக்காளம் முடிந்தது. "உயரமா இருக்கே, இதைப் பிடி" என்று பெரிய பாஸைக் கையில் கொடுத்தார்கள். ஆளுயர மரம், நான்கு தந்திகள். அரங்க இசைக்குழு ஒன்றில் வாசித்தார். பெரிய நாடு உடைந்து எங்களுடையது தனி நாடானபோது அது கலைந்தது. பிறகு பாஸ் கிட்டார் ஒன்று வாங்கி, இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனார். கடைசிவரை அதுதான்.

காரின் முன் இருக்கையைப் பின்னால் சாய்த்தால்தான் பெரிய பாஸ் உள்ளே போகும். அம்மா எப்போதும் பின்னால்.

"மூத்தவ முன்னாடி உக்காந்திருக்கா. நான் ரெண்டாந்தாரம், பின்னாடி வர்றேன்" என்பாள் அம்மா.

"மூத்தவ வழியில பேசமாட்டா" என்பார் அப்பா.

தந்தி கிடைக்காத காலத்தில், மங்கிப்போன பாஸ் கிட்டார் தந்திகளைக் கழற்றிச் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைப்பார். அழுக்கு கழன்றுவிடும், இன்னும் சில கல்யாணங்களுக்குத் தந்தி புதிது போல் பேசும். அம்மாவின் சூப்புப் பானைதான் அதற்கும். "இன்னைக்கு என்ன, தடிச்ச தந்தி சூப்பா, மெல்லிசா?" என்று பானையை எட்டிப் பார்ப்பாள்.

அவர் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவருக்கென்று சில முறைகள் இருந்தன. உடன் வாசித்தவர்கள் அவற்றைச் சொல்லிக் கேலி செய்வார்கள். மண்டபங்களின் பளிங்குத் தரையில் பெரிய பாஸின் அடிமுள் வழுக்கும். அதற்கு ஒரு டயர்த் துண்டு. வயர் எப்போதும் இரண்டு, ஒன்று வேலை செய்யாது என்று நம்பிக்கொண்டே போக வேண்டும். நிற்பது டிரம்முக்குப் பக்கத்தில், அடிப்பவரின் வலது கால் கண்ணில் படும்படி. காதை நம்பாதே, கூட்டத்தில் அது ஏமாற்றும், அந்தக் காலைப் பார். புலாவைக் கையால் தொடவே மாட்டார்.

"என்ன ஹிக்மத் அகா, வெள்ளைக்காரன் மாதிரி கரண்டி?" என்று பந்தியில் யாராவது சீண்டுவார்கள்.

"விரல்ல ஆட்டுக்கொழுப்பு ஒட்டினா தந்தி ஊமையாயிடும். அப்புறம் உன் பொண்டாட்டி ஆட வரமாட்டா. உனக்குத்தான் நஷ்டம்."

ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றித்தான் அவருக்கு அதிகப் பிடிவாதம். வெற்றுப் பலகை மேடையில் அதை வைக்க மாட்டார். பலகை தானும் சேர்ந்து இரையும், எது தந்தி எது பலகை என்று தெரியாது. காரில் செங்கல் வைத்திருந்தார். செங்கல் மேல்தான் பெட்டி. சுவரை ஒட்டியும் வைக்க மாட்டார், மூலையில் வைக்கவே மாட்டார். சத்தம் இலவசமாகக் கூடும், சுருதி குழம்பும். கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரிதான். அவர் கணக்குப் போடவில்லை, பார்த்து வைத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே குளிர். பெரிய பாஸின் மேல்பலகை குளிரிலும் வறட்சியிலும் வெடிக்கும். அதனால் குளிர்காலத்தில் முதலில் காரைச் சூடாக்கு, பிறகு பாஸை ஏற்று, கடைசியில் நீ ஏறு. போய்ச் சேர்ந்ததும் உறையைத் திறக்காதே, அறையின் சூட்டுக்கு அது பழகட்டும். நனைத்துப் பிழிந்த பஞ்சை நூலில் கட்டி உள்ளே தொங்கவிடு.

இந்த ஜனவரியில் எரிவாயு நின்றது. மின்சாரமும் வந்து வந்து போனது. வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. நான் வேலையில் இருந்தேன். அப்பா பெரிய பாஸைப் போர்வையில் சுற்றி, கார்க் கொட்டகைக்குக் கொண்டுபோய், முன் இருக்கையில் சாய்த்து, எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். சூடு வெளியே போகாமலிருக்கக் கொட்டகைக் கதவை மூடியிருக்கிறார். பிறகு தானும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். வீட்டைவிட அங்கே கதகதப்பாக இருந்திருக்கும்.

எஞ்சின் கக்கும் அந்த நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. சுரங்கத்தில் அதைக் கண்டால் கூவும் கருவி அந்த நேரத்தில் என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாஸுக்கு ஒரு கீறல் இல்லை.

புதன்கிழமை வென்யா வந்தார். வெனியாமின் சோய், கொரிய வீட்டுப் பிள்ளை, முப்பது வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் டிரம் வாசித்தவர். அப்பா பார்த்துக்கொண்டே வாசித்த அந்த வலது கால் இவருடையது. இப்போது அதில் வாதம். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றுதான் ஏறினார். பெரிய பாஸ் நிற்கும் அறையில், அதைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்தார். நீல துக்க உடையில் தேநீர் ஊற்றினேன்.

"முக்தார் அகா அனுப்பினாரா?"

"அனுப்பல. வராதேன்னுதான் சொன்னாரு. அந்தப் பொண்ணு முடிவு பண்ணட்டும்னாரு."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"தேநீர் குடிக்க." குடித்தார். "உங்கப்பன் போடுறதைவிட இது பரவால்ல. அவன் போட்டா குதிரைக்குக் குடுக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"பாஸுக்கு யாரு?" என்று கேட்டேன்.

"கீபோர்டுக்காரன் இடது கையால சமாளிக்கிறான். தப்பு வராது. அதான் பிரச்சனை, தப்பே வராது. கடியாரம் பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

"அது இந்தப் பக்கம் கேக்கும் வென்யா அகா. அது மட்டும்தான் கேக்கும். என்னால முடியாது. வேண்டாம்னு சொல்லப் போறேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா போனப்பவும் இப்படித்தான் வந்து கேட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அம்மா இறந்த வருஷம் முக்தார் அகாவின் மூத்த மகனுக்குக் கல்யாணம். அப்பா சரி என்றார். சரி என்றதோடு நிற்காமல், இடுப்பில் துக்கத் துணியைக் கட்டியபடியே போய் வாசித்தார். தெரு பேசியது. பொண்டாட்டி மண்ணு காயல, மேடைக்குப் போயிட்டான் என்றது. நான் இந்த அறையில், இந்தச் சுவரோரம் படுத்திருந்தேன். அவர் வாசித்தது முழுக்க வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக, மெத்தை வழியாகக்கூட வந்தது. எழுந்து போக நினைத்தேன். போகவில்லை. தூங்கிவிட்டேன். அம்மா போன பிறகு நான் தூங்கிய முதல் தூக்கம் அது.

"அன்னைக்கு அவன் பெட்டியை எங்க வெச்சான் தெரியுமா?" என்றார் வென்யா. "இந்தச் சுவத்துல. ஒட்டி. செங்கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னேன், டேய், என்னடா இது, எனக்குப் பாடம் எடுப்பியே, பூம்பூம்னு இரையுது, தள்ளி வைன்னேன். பாட்டுக்காரி திட்டினா. கீழவிழுந்த தகரம் மாதிரி இருக்குன்னா. நகத்தவே இல்ல."

"ஏன்?"

"மக அந்தப் பக்கம் படுத்திருக்கா, சாப்பிடல, பேசல, கதவைத் திறக்கமாட்டேங்குறான்னான். பக்கத்துல உக்காந்தா அவளுக்குப் பிடிக்காது. இப்படி உக்காந்துக்கிறேன்னான்."

தேநீர் ஆறிவிட்டது. வேறு ஊற்றுவதற்காக எழுந்தேன். சமையலறையில் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வேண்டாம்னு சொன்னாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. இதை உன்கிட்ட சொல்லாம போயிடக் கூடாதுன்னுதான் வந்தேன். அவன் சொல்லியிருக்க மாட்டான்."

"சொல்லல."

வியாழக்கிழமை முக்தார் அகாவின் வாசலுக்குப் போனேன். அப்பா ஒரு முறை சரி என்ற வீட்டில் நான் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

"பாட்டு வைங்க. ஒண்ணே ஒண்ணு. பாஸ் சத்தம் வர்ற பெட்டியை எங்க சுவத்துப் பக்கம் வைக்கவேண்டாம்."

"எங்க வைக்கணும்னு சொல்லு, அங்க வைக்கச் சொல்றேன்."

"வென்யா அகாவுக்குத் தெரியும்."

அவர் என் தலைமேல் கை வைக்க வந்து, பாதியில் நிறுத்தி, தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஜன்னல்கள் இரண்டையும் சாத்தினேன், திரையை இழுத்துவிட்டேன். பெரிய பாஸின் பஞ்சை நனைத்துப் பிழிந்து மறுபடி தொங்கவிட்டேன். பிறகு சுவரோரம் உட்கார்ந்தேன்.

சொன்ன வேலையைச் செய்பவர் வென்யா. பெட்டியை முற்றத்தின் மறு கோடியில், ரொட்டி அடுப்புக்கு அப்பால், செங்கல் மேல் ஏற்றி, எங்கள் பக்கம் முதுகு காட்டி வைத்திருந்தார், பிறகு பார்த்தேன். சுவரில் ஒன்றும் வரவில்லை. பாட்டுக்காரியின் குரல் கூரைக்கு மேலாகச் சுற்றி வந்து ஜன்னலில் தட்டியது. சொற்கள் வரவில்லை. கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆரவாரித்தது, புதுப்பெண் குனிந்திருப்பாள். நடுவில் ஒருமுறை வாத்தியங்கள் நின்றன. கூட்டமும் நின்றது. பாட்டுக்காரி மட்டும் தனியாக ஏதோ இழுத்தாள். அப்புறம் மறுபடி ஆரம்பித்தது.

உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். அளக்கிற கை அது. எவ்வளவு சன்னமாக இருந்தாலும் தெரியும். குளிர்ந்த மண். காதை வைத்தேன். கேட்டது என் ரத்தத்தின் ஓட்டம்தான். நான் கேட்டபடியே எல்லாம் நடந்திருந்தது.

மறுநாள் முக்தார் அகாவின் மனைவி ஸாலிஹா ஓபா வந்தாள். கல்யாணப் புலாவ், மேலே துணி. கண் சிவந்திருந்தது, தூங்காததால் இருக்கலாம்.

"நல்லா நடந்துச்சா ஓபா?"

"நடந்துச்சு. மருமக நல்லா வணங்கினா. முதுகு வலிக்குதுன்னு இன்னைக்கு எந்திரிக்கல, கழுதை." என் அருகில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "ஏண்டி முனிஸா, கேட்டுச்சா உனக்கு? மாமனாருக்கு வணக்கம், மாமியாருக்கு வணக்கம்னு வரிசையா பாடிட்டே வந்தா. திடீர்னு அந்தக் கொரியக்காரர் கையைத் தூக்கினாரு. எல்லாம் நின்னுடுச்சு. அப்புறம் அவ பாடுறா, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹிக்மத் அகாவுக்கு வணக்கம்னு. மருமக இந்தப் பக்கமா திரும்பித் தரைவரைக்கும் குனிஞ்சா. ஆம்பளைங்கெல்லாம் எந்திரிச்சிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அழுதாரு. நாங்க பேசிக்கிட்டோம், முனிஸா கேட்டுட்டிருப்பா, கேட்டுட்டிருப்பான்னு."

"கேட்டுச்சு" என்றேன்.

"அதுக்குத்தான அனுமதியே குடுத்தே நீ."

"ஆமா."

அவள் கிளம்பும்போது அன்று சம்சா வந்த பாத்திரம் நினைவுக்கு வந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் உலர்ந்த பாதாமி இருந்தது, அப்பா போன கோடையில் கூரையில் பரப்பிக் காயவைத்தது. அதை முழுவதும் போட்டு மூடிக் கொடுத்தேன். ஒரு கை அளவு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு தோன்றியது. அதற்குள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.