தேசிக்காய்த் தண்ணீரில் ஊறிய மணிகள்

என் மனைவி கிண்ணியாவிலிருந்து இறால் கோது கொண்டுவரத் தொடங்கியபோது, பாலையூற்றிலுள்ள எங்கள் வளவுக்குப் பூனைகள் வரத் தொடங்கின. உறவினர் வரத்துக் குறைந்தது. எனக்கு இரண்டும் சம்மதம்தான்.

அந்தக் கோதைப் பல்கலைக்கழக வளாக ஆய்வுகூடத்தில் அமிலத்திலும் காரத்திலும் போட்டு, கைற்றோசான் என்ற வெள்ளைத் தூளாக்குவாள். தூளைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் சவ்வரிசி போல மணிகள் திரளும். சாயப்பட்டறைக் கழிவுநீரில் அவற்றைப் போட்டால் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதன்முறை அதைப் பார்த்தபோது, இவளையா கட்டினேன் என்று பெருமையாக இருந்தது.

ஆனால் அந்தக் கழிவுநீரில் அமிலம் அதிகம். சாயத்தைப் பிடித்த கையோடு மணிகளும் கரைந்துவிடும். ஒரு வருடமாக இதே கதை. இம்முறையும் கரைந்தால் ஆய்வுத் தலைப்பையே மாற்றவேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதனால் கைற்றோசானோடு இன்னொரு பல்பகுதியத்தை, அதாவது பொலிமரை, இணைத்து, வலைபோல் பின்னிப் புது மணிகள் செய்தாள். வார இறுதியில் வளாகம் பூட்டிவிடும் என்பதால், பழைய மணிகளை ஒரு போத்தலிலும் புதியவற்றை இன்னொன்றிலுமாகக் கொண்டுவந்து குசினியில் வைத்தாள். மறுநாள் காலை சாயத் தண்ணீர் எடுக்கப் பட்டறைக்குப் போனாள்.

மத்தியானம் திரும்பியவள் போத்தல்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றில் மணிகளே இல்லை, வெறும் கொழகொழப்பு.

"நாத்தம் போகட்டும் எண்டு தேசிக்காய் பிழிஞ்சு விட்டனான் பிள்ளை," என்றார் என் அம்மா. மீனோ இறாலோ, குசினிக்குள் எது வந்தாலும் அம்மா தேசிக்காயும் கையுமாகத்தான் நிற்பார்.

இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்றே நினைத்தேன். அவளோ மற்றப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மாமி, இதுக்குள்ளயும் விட்டனீங்களோ?"

"ஓம். நீ வெளிக்கிட்ட உடன ரெண்டுக்கும் விட்டனான்."

புது மணிகள் ஊதிப் பருத்து, ஒன்றுகூடக் கரையாமல் கிடந்தன. அவள் கதிரையில் இருந்துகொண்டு அழத் தொடங்கினாள்.

"பிழை செய்திட்டனோ?" அம்மாவின் குரல் தளர்ந்துவிட்டது.

"இல்லை மாமி. அமிலம் விட்டுப் பாக்க நான் பயந்துகொண்டு இருந்ததை, தேசிக்காய்ப் புளியால நீங்கள் செய்திட்டீங்கள்."

கொண்டுவந்த சாயத் தண்ணீரில் அம்மாவின் கையாலேயே அந்த மணிகளைப் போடச் சொன்னாள். மூவரும் சோற்றையும் மறந்து குசினியிலேயே இருந்தோம். நீலம் மெல்ல மெல்ல மணிகளுக்குள் இறங்கியது. தண்ணீர் தெளிந்தது. மணிகள் அப்படியே இருந்தன.

அம்மா குனிந்து மணந்து பார்த்தார்.

"இப்ப நாத்தமும் இல்லை," என்றார்.