நான் கேட்காத பக்கம்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான்.

சிட்னியில், பரமட்டாவில் ஒரு நோர்வேக்காரரின் வீட்டை வாரம் ஒருமுறை துப்புரவு செய்துவந்தேன். தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படிப்பித்தவர். பிரெஞ்சு நாவல்களை நோர்வே மொழிக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. அவர் மொழிபெயர்த்த புத்தகங்களே ஓர் அலுமாரி நிறைய இருந்தன. மனைவி இறந்தபின் மகளோடு இருக்க சிட்னிக்கு வந்தும் அந்த வேலையை அவர் விடவில்லை.

எழுதிய பக்கத்தை, அந்த மொழி தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

“தெரிந்தவன் கதையைக் கேட்பான். உனக்கு ஓசை மட்டும்தான் கேட்கும். இடறுகிற இடத்தில் கையைத் தூக்கு” என்றார்.

நான் தூக்குவேன். அவர் அந்த வரியை வெட்டுவார்.

“விளங்காத பாஷையில பிழை பிடிக்கிறீங்களோ? நான் கதைக்கிறதே உங்களுக்கு விளங்குறேல்ல!” என்று என் மனைவி சிரிப்பாள்.

கடைசி நாவலின் கடைசிப் பக்கம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அப்போது எனக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு. மூன்று வாரம் போகவில்லை. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

செத்தவீடு முடிந்தபின் மகள் என்னை அழைத்தார். அந்தப் பக்கம் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருந்தது. எது முடிவானது என்று பதிப்பகம் கேட்கிறதாம்.

நடுப்பகல். அவருடைய கதிரையில் உட்கார்ந்து மகள் முதல் தாளை வாசித்தார். மூன்றாம் வரியில் என் கை எழும்பியது. இரண்டாம் தாளுக்குக் கை மடியிலேயே கிடந்தது. ஆனால் உதடுகள் அசைந்தன. மகள் வாய் திறக்கும் முன்பே அடுத்த சொல் என் வாயில் இருந்தது. கடைசி வரியை மகள் வாசிக்கவே இல்லை. நான் சொல்லி முடித்தேன். அந்த மொழியில் எனக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியாது.

“அப்பா இதைத்தான் உங்களுக்கு வாசித்தார், இல்லையா?” மகள் அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், கூச்சம் தடுத்தது. “யெஸ்” என்றேன்.

அந்தத் தாள்தான் அச்சுக்குப் போனது.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: “அப்ப நீங்கள் சொன்னது பொய்தானே?”

“தெரியேல்லயப்பா. நான் போகாத கிழமையள்ள வாசிச்சிருப்பார்.”

“ஆருக்கு?”

அவள் சிரிக்கவில்லை. அவருடைய மகளிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை; அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனி மாதம் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை.